உறையின் பின்பக்கத்துக்கு

"உறைக்குப் பின்னால கொஞ்சம் எழுது," என்றார் எமிலியாம்பிள்ளை.
"சண்டையை எழுதாத.
அதுக்காக நான் வாசிக்கேல்லை."

நான் கலியாண வீடியோ வெட்டிக் கொடுப்பவள்.
மரண அறிவித்தலுக்குக் குரல் பதிவேன்,
திருவிழாவுக்கு ஒலிபெருக்கி விளம்பரம்.
பரந்தன் சந்தியில் மேல்மாடி அறை,
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
மனுசன் வந்த அன்று
பெட்டியைத் திறந்து ஒரே ஒரு சுரம் ஊதினார்.
கீழே ரயர்க் கடைக்காரர் கொம்பிரசரை நிறுத்திவிட்டு
எந்த லொறி என்று எட்டிப் பார்த்தார்.

"அறை சின்னன். எனக்குக் கூரை வேணும்."

அப்படித்தான் இந்தத் தட்டு
முரசுமோட்டை நெல் ஆலைக்குள் பதிவானது,
களஞ்சியம் பாதி நிறைந்திருந்த ஒரு மாசியில்.
மூட்டை ஒலியைக் குடிக்கும்,
தகரம் திருப்பித் தரும்.
எங்கே அடுக்குவது, எங்கே வெறுமை விடுவது என்று
இரண்டு நாள் நாட்டாமைகளோடு சண்டை பிடித்தார்
(இந்தச் சண்டையை எழுதலாம்).
ட்ரம்ஸ் இல்லையே என்றேன்.
"ஊர்ப்பேரிலயே முரசு கிடக்கு."
பிறகு ஆலை மெக்கானிக் தவேந்திரம்
எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்து
இரண்டு பெயின்ற் பிரஷால் தடவத் தொடங்கினார்.
மழைக்கு முந்திய மண்ணைப்போல இருந்தது அது.
ஜாஸ் என்றால் என்னவென்று தவேந்திரம் இன்றுவரை கேட்கவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம் வெளியிடுபவர்களுக்கு.
முல்லைத்தீவு, கரைவலைச் சம்மாட்டி வீட்டு நாலாவது பெடியன்.
பத்தொன்பது வயதில் கொழும்பு.
கடல் பார்த்த ஹொட்டேலில் சனி இரவுகள்,
வெள்ளைக் கோட்டு, ஐந்து பேர்.
டெரிக், விமல், துவான் ரஹீம், பியானோவில் மிஸ் ஒலிவ்.
எண்பத்து மூன்று ஆடியில் கோட்டு எரிந்தது.
சக்ஸபோனைத் தன்னுடையதென்று சொல்லி
வெள்ளவத்தைத் தெருவால் விமல் தூக்கிக்கொண்டு நடந்தார்.
விமல் கிற்றார்க்காரர்.
ஊதிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தடைக்காலத்தில் றீட் வராது. மூங்கிலைச் சீவினார்.
சாவிகளுக்கு அடியில் பழைய சிலிப்பர் றப்பர்.
ஓமந்தைச் சோதனையில் ஒருவன்
குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தான்,
வளைவில் பார்வை முட்டியது.
"எதுக்கு இது வளைஞ்சிருக்கு?"

இவ்வளவையும் வாசித்து
சிவப்புப் பேனாவால் முக்கால்வாசியை வெட்டினார்.
விமலையும் வளைவையும் விட்டார்.
"இது ரெண்டும் பகிடி, இருக்கட்டும்."
மூன்றாவது பாட்டின் பெயர் அந்தக் கேள்விதான்.
ஒன்பது நிமிடம். பதில் கிடையாது.

நாலாவதில், நடுவில்,
புதுக்குடியிருப்புக்குப் போகும் மணல் லொறி ஹோர்ண் அடிக்கிறது.
மனுசன் அதே சுரத்தைப் பிடித்து
அரைக் கட்டை கீழே இறக்கி
ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்.
நன்றி, சாரதியே, நீங்கள் ஆரென்று தெரியாது.

இனி என் பிழை.
மரண அறிவித்தலில் மூச்சை வெட்டுவது என் பழக்கம்.
அறிவிப்பவர் இழுத்து வாங்கும் காற்று
காசு கொடுத்தவர்களுக்குப் பிடிக்காது.
பதிவு முடிந்த இரவு, எழுபத்தைந்து வயது நெஞ்சு
வரியின் நடுவில் தடுக்கி வாங்கிய காற்றையெல்லாம்
ஒவ்வொன்றாகத் தேடி நறுக்கினேன்.
விடியும்போது சலவை வேட்டிபோல இருந்தது.

ஹெட்போனைப் போட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.
கழற்றினார்.
"ஆர் இந்தாள்? நல்லா வாசிக்கிறான்.
மூச்சு மட்டும் விடேல்லை.
செத்தவனோ?"

கழிவுக் கோப்புக்குள் நாற்பத்தொரு மூச்சு கிடந்தது.
திரும்ப வைத்தோம்.
இது லொறிக்குப் பிறகு,
இது தவேந்திரம் பிரஷை மாற்றும்போது,
இது இருமலை விழுங்கினது, கொஞ்சம் மெல்லமாய் வை.
நாற்பதுக்கு இடம் கிடைத்தது.

ஒன்று மிஞ்சியது.
எந்தப் பாட்டுக்குரியதென்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
கடைசிச் சுரம் அடங்கி
தகரம் குளிர்ந்து முறியும் சத்தமும் ஓய்ந்தபின்
அதை வைத்திருக்கிறேன்.

தட்டை உடனே நிறுத்திப்போடாதீர்கள்.